ஐந்நூறு கிலோமீட்டர் பயம்

“யாராவது ஓட்டுனா நானும் வர்றேன்.”

எத்தனை காலத்துக்கு இதையே சொல்லிக்கொண்டிருக்கப் போகிறீர்கள்? பையில் ஓட்டுநர் உரிமம் இருக்கிறது. ஸ்டியரிங் பிடித்துப் பல வருடம் ஆகிவிட்டது. மியூனிக்கில் வேலை, கைக்குப் போதுமான சம்பளம், எடுக்காமல் கிடக்கும் விடுமுறை. காற்று தெளிந்த நாளில் தெற்கே பார்த்தால் ஆல்ப்ஸ் மலைத்தொடர் கண்ணுக்கே தெரிகிறது. அதற்கு அந்தப்புறம் மிலான். கிட்டிய வழியில் போனால் சுமார் 500 கிலோமீட்டர். இந்த 500 கிலோமீட்டரைத்தான் ஒவ்வொரு கோடையிலும் “அடுத்த வருஷம் பார்க்கலாம்” என்று தள்ளிப்போடுகிறீர்கள். அலுவலகத்தில் பக்கத்து மேசைக்காரர் போய்வந்து படம் காட்டும்போது, “அவருக்கென்ன, பிறந்ததிலிருந்தே இந்த ஊர்க்காரர்” என்று மனதுக்குள் சமாதானம் சொல்லிக்கொள்கிறீர்கள்.

போதும் அந்தச் சமாதானம்!

“உன்னால் முடியும்” என்று மூன்று முறை கத்தவைத்துவிட்டு மேடையை விட்டு இறங்கிப்போகும் ஆள் நான் இல்லை. அப்படி வரும் துணிச்சல் மைக்கை அணைத்ததும் போய்விடும். மலைப்பாதைக்கு அது உதவவும் உதவாது. அங்கே வேண்டிய துணிச்சல் வீட்டிலேயே, ஒரு வரைபடத்தையும் நோட்டையும் வைத்துக்கொண்டு உட்காரும் ஒரு மாலையில் தயாராகிறது. உங்களிடம் இல்லாதது தைரியம் அல்ல, அந்த ஒரு மாலைதான்!

நோட்டை எடுங்கள். எதற்கெல்லாம் பயமோ எல்லாவற்றையும் எழுதுங்கள். “மலை என்றால் பயம்” என்று எழுதாதீர்கள். அதற்கு யாராலும் பதில் சொல்லமுடியாது. “கொண்டை ஊசி வளைவில் எதிரே பேருந்து வந்துவிட்டால் யார் பின்னால் எடுக்கவேண்டும்?” என்று எழுதுங்கள். “நீண்ட இறக்கத்தில் பிரேக் சூடானால் என்ன ஆகும்?” “சுரங்கப்பாதைக்குள் கார் நின்றுபோனால்?” “என் உரிமம் நான்கு நாட்டிலும் செல்லுமா?” கேள்விக்குறியில் முடிகிற பயம் எதுவாக இருந்தாலும் அதற்கு எங்கோ ஒரு பதில் இருக்கிறது. பதிலைத் தேடுவது உங்களுக்குப் புதிய வேலையா? விசாவுக்கு அலைந்தவர் நீங்கள். தெரியாத நாட்டில் வீடு பிடித்தவர் நீங்கள். ஜெர்மன் வரிப் படிவத்தையே நிரப்பி அனுப்பியவருக்குச் சாலை வரைபடம் பெரிய விஷயமா?

முதல் கேள்வி, எந்த வழி? மியூனிக்கிலிருந்து மிலானுக்கு மலையைத் தாண்ட மூன்று பெரிய வாசல்கள் உண்டு. கிழக்கே பிரென்னர். உயரம் சுமார் 1,370 மீட்டர்தான். பெரிய கணவாய்களில் எளியது, அதனாலேயே லாரிகள் எல்லாம் அங்கேதான் போகின்றன. 2025 தொடக்கத்திலிருந்து அங்குள்ள லூக் பாலத்தில் புதுப்பிக்கும் வேலை நடப்பதால், பெரும்பாலான நாட்களில் ஒவ்வொரு திசையிலும் ஒரு தடம்தான் திறந்திருக்கிறது. மேற்கே கோத்தார்டு. 1980இல் திறந்த 16.9 கி.மீ. சுரங்கப்பாதை. ஈஸ்டர் விடுமுறையிலும் கோடையிலும் அதன் வாசலில் கிலோமீட்டர் கணக்கில் கார்கள் வரிசை கட்டி நிற்பது ஆண்டுதோறும் செய்தி.

இரண்டுக்கும் நடுவில் இருக்கிறது சான் பெர்னார்டினோ. மியூனிக்கிலிருந்து லிண்டாவ், பிரெகென்ஸ் வழியாகச் சுவிட்சர்லாந்துக்குள் நுழைந்து, ரைன் நதியை எதிர்த்து மேலேறி, கூர் நகரைத் தாண்டி, மலையைக் கடந்து, பெலின்சோனா, லுகானோ, கோமோ வழியாக மிலானில் இறங்கும் பாதை. தூரமும் இதில்தான் குறைவு. கோத்தார்டில் நெரிசல் பிடித்தால் கூட்டம் இங்கேயும் திரும்பும், அதையும் மறைக்காமல் சொல்லிவிடுகிறேன். ஆனாலும் முதல்முறை போகிறவருக்கு நான் இதைத்தான் சிபாரிசு செய்வேன். காரணம், இங்கே ஒரே மலையைத் தாண்ட இரண்டு வழி உண்டு. மேலே 2,066 மீட்டர் உயரத்தில் பழைய கணவாய்ச் சாலை. கீழே 1967 முதல் ஓடும் 6.6 கி.மீ. சுரங்கப்பாதை. காலையில் வானத்தைப் பார்த்துவிட்டு எது என்று முடிவு செய்யலாம். இப்படி மாற்றுவழி கையில் இருப்பவனுக்குப் பாதிப் பயம் அப்போதே போய்விடும்.

மூச்சுப்பிடித்து ஒரே நாளில் ஓட்டிமுடிக்க வேண்டும் என்று யார் சொன்னது? வரைபடம் ஐந்தரை, ஆறு மணி நேரம் என்று காட்டும். அந்தக் கணக்கில் குழந்தைக்குப் பசிப்பது இல்லை, எல்லையில் நிற்பது இல்லை, மலையைப் பார்த்துக் காரை ஓரங்கட்டுவது இல்லை. இரண்டு நாளாகப் பிரித்துக்கொள்ளுங்கள். முதல் நாள் 300 கி.மீ.க்குச் சற்று மேல் ஓட்டி, கணவாய்க்கு வடக்கே ஆன்டீரிலோ ஷ்புளூகெனிலோ தங்கல். மலை ஏறி இறங்குவது மறுநாள் காலையில், தூங்கி எழுந்த கண்ணோடும் களைப்பில்லாத கையோடும். இரண்டாம் நாள் மொத்த ஓட்டமே 200 கி.மீ.க்குள் முடிந்துவிடும். கிளம்பும் நாளும் முக்கியம். ஜூலை, ஆகஸ்ட் சனிக்கிழமைகளில் வட ஐரோப்பாவில் பாதிப் பேர் தெற்கே போகிறார்கள். நீங்கள் செவ்வாய்க்கிழமை விடிகாலையில் கிளம்புங்கள்.

ஆன்டீரைத் தாண்டிக் கொஞ்ச தூரத்தில் ரோஃப்லா என்று ஒரு மலையிடுக்கு இருக்கிறது. அங்கே கட்டாயம் காரை நிறுத்துங்கள். தன்னம்பிக்கைக்கு இவ்வளவு நேரம் நான் சொன்னதையெல்லாம் விட்டுவிடுங்கள், அந்தப் பாறை சொல்வதைக் கேளுங்கள்.

ஒரு காலத்தில் ஷ்புளூகென், சான் பெர்னார்டினோ கணவாய்களைத் தாண்டும் சரக்கும் பயணிகளும் அந்த இடுக்கின் வழியாகத்தான் போகவேண்டும். வண்டிக்காரர்கள் தங்கிச் சாப்பிட அங்கே ஒரு விடுதி இருந்தது. 1882இல் கோத்தார்டு ரயில்பாதை திறந்தது. சரக்கு முழுவதும் ரயிலுக்கு மாறியது. சாலை வெறிச்சோடியது, விடுதி வருமானமில்லாமல் தவித்தது. அந்த விடுதிக் குடும்பத்தைச் சேர்ந்த கிறிஸ்டியான் பிட்ஷென்-மெல்கியோர் பிழைப்புத் தேடி அமெரிக்கா போனவர். அங்கே நயாகராவைப் பார்த்தார். தண்ணீர் விழுவதைப் பார்ப்பதற்கு ஊர் ஊராக மக்கள் திரண்டு வருவதையும் பார்த்தார். நம் விடுதிக்குப் பின்னாலும் ஒரு அருவி இருக்கிறதே என்ற எண்ணம் அவரை ஊருக்குத் திரும்பவைத்தது.

அருவி இருந்தது, ஆனால் வழி இல்லை. செங்குத்தான பாறைகளுக்கு நடுவே பின்ரைன் ஆறு இரைந்து விழும் இடத்துக்கு மனிதன் போய்ச்சேர முடியாது. அவரிடம் எந்திரமும் இல்லை, முதலாளியும் இல்லை. 1907இல் தொடங்கினார். குளிர்காலம் வந்தால் உளியும் சுத்தியலுமாகப் பாறையில் கையால் துளை போடுவார், வெடிமருந்து வைப்பார், வெடிப்பார், கல்லை அள்ளுவார், அடுத்த துளை. ஏழு குளிர்காலம். சுமார் 8,000 வெடிகள். 1914இல் பாதை அருவியைத் தொட்டது. இன்றைக்கும் அந்த விடுதி வழியாக நுழைந்து, அவர் குடைந்த பாதையில் நடந்தால், அருவிக்கு அடியிலேயே போய் நிற்கலாம். தலைக்குமேல் ஆறு ஓடும். பக்கத்தில் நிற்பவர் பேசுவது காதில் விழாது.

மலையை உடைக்கப் போகிறேன் என்று கிளம்பியிருந்தால் அவர் முதல் மாதமே ஓய்ந்திருப்பார். அன்றைக்கு அவர் போடவேண்டியது ஒரு துளை, அவ்வளவுதான். உங்கள் நோட்டில் எழுதிய கேள்விகள் எத்தனை? பதினைந்தா, இருபதா? எட்டாயிரம் இல்லையே! தினம் இரண்டுக்குப் பதில் தேடினால் இரண்டு வாரத்தில் பாதை திறந்துவிடும்.

இன்னொன்றும் தெரிந்துகொள்ளுங்கள். இந்தப் பாதை ஓடும் கிரவ்புண்டன் மாநிலத்துக்காரர்களே ஒரு காலத்தில் காரைக் கண்டு நடுங்கியவர்கள். 1900இல் மாநிலம் முழுவதும் கார் ஓட்டவே தடை போட்டார்கள். குதிரை மிரளும், ஆடுமாடு ஓடும், குறுகிய மலைச்சாலையில் ஆபத்து என்று காரணங்கள் சொன்னார்கள். வெளியூர்க்காரர்கள் காருக்கு முன்னால் குதிரையைக் கட்டி இழுத்துக்கொண்டு கடந்துபோனதும் உண்டு. மறுபடி மறுபடி வாக்கெடுப்பு நடத்தினார்கள், மறுபடி மறுபடி வேண்டாம் என்றார்கள். 1925இல்தான் மக்கள் சரி என்றார்கள். மலையில் பிறந்து மலையில் வளர்ந்தவர்களுக்கே கால் நூற்றாண்டு பிடித்தது. உங்களுக்குப் பயம் வந்ததில் ஒரு அவமானமும் இல்லை. பயந்துகொண்டே அடுத்த இருபத்தைந்து வருடமும் உட்கார்ந்திருந்தால்தான் அவமானம்.

இனி ஸ்டியரிங்குக்கு வருவோம். கொண்டை ஊசி வளைவுகளா உங்களைப் பயமுறுத்துகின்றன? கொல்லிமலையில் 70 வளைவு ஏறி இறங்கும் மண்ணிலிருந்து வந்தவர்கள் நாம். இத்தாலிக்காரர்கள் மார்தட்டிக்கொள்ளும் ஸ்டெல்வியோ கணவாயின் ஒரு பக்கத்தில் இருப்பவை 48தான். மலைச்சாலையில் நீங்கள் புதிதாகப் பழகவேண்டியது ஒன்றே ஒன்று, வலப்பக்கம் ஓட்டுவது. எந்த நாடாக இருந்தாலும், அந்த நாட்டுக் காரில் ஓட்டுநர் சாலையின் நடுக்கோட்டை ஒட்டித்தான் உட்கார்ந்திருப்பார். குழப்பம் வந்தால் இதை நினைத்துக்கொள்ளுங்கள். கூட்டத்துக்கு நடுவே ஓட்டும்போது தவறு வராது, முன்னால் போகும் வண்டியே வழிகாட்டும். விடிகாலையில் பெட்ரோல் பங்கிலிருந்து காலியான சாலையில் திரும்பும்போதுதான் கை பழைய பழக்கத்தில் இடப்பக்கம் போகும். அந்த இடத்தில் மட்டும் பக்கத்தில் இருப்பவரை “வலது!” என்று உரக்கச் சொல்லச் சொல்லுங்கள்.

இறக்கம்தான் உண்மையான பரீட்சை. ஏறுவதற்கு எஞ்சின் போதும், இறங்குவதற்கு மூளை வேண்டும். பிரேக்கில் காலை வைத்தபடியே கிலோமீட்டர் கணக்கில் இறங்கினால் பட்டை சூடேறும், கருகிய வாடை வரும், மிதி மெத்தென்று உள்ளே போகும், வண்டி நிற்காது. ஏறும்போது எந்த கியர் தேவைப்பட்டதோ அதே கியரில் இறங்குங்கள். எஞ்சினே வண்டியை இழுத்துப் பிடிக்கும். ஆட்டோமேட்டிக் காரில் கியரை நாமே மாற்றும் வசதி இருக்கும். வாடகைக் காரை வாங்கும்போதே அது எங்கே இருக்கிறது என்று கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள். வளைவுக்குள் போய் பிரேக் போடாதீர்கள். வளைவுக்கு முன்பே வேகத்தைக் குறைத்து, கண் போகவேண்டிய திசையைப் பார்க்க, மெதுவாகத் திருப்புங்கள். பின்னால் ஒருவன் ஒட்டிக்கொண்டு வந்து அவசரப்படுத்துகிறானா? ஒதுங்க இடம் கிடைத்ததும் ஒதுங்கி, அவனைப் போகவிடுங்கள். மலையில் மானப்பிரச்சினை வேண்டாம்.

எதிரே பேருந்து வந்தால்? சுவிட்சர்லாந்தில் அந்தக் கேள்விக்குச் சட்டமே பதில் சொல்கிறது. குறுகலான இடத்தில் மேலேறும் வண்டிக்குத்தான் முன்னுரிமை. நம் ஊர் மலைச்சாலையில் பார்த்த அதே விதி. நீலப் பலகையில் மஞ்சள் ஊதுகொம்பு வரைந்திருந்தால் அது அஞ்சல் பேருந்துச் சாலை. அங்கே மஞ்சள் பேருந்துக்கு வழிவிட வேண்டும், அதன் ஓட்டுநர் கையைக் காட்டி என்ன சொல்கிறாரோ அதைச் செய்யவேண்டும். பின்னால் எடு என்றால் எடுக்கவேண்டும், நில் என்றால் நிற்கவேண்டும். கண்ணுக்குத் தெரியாத வளைவுக்கு முன்னால் அந்தப் பேருந்து மூன்று சுரத்தில் ஹாரன் அடிக்கும். ரொசினியின் ‘வில்லியம் டெல்’ இசை நாடகத்தின் தொடக்க இசையிலிருந்து எடுத்த சுரங்கள் அவை. அந்தச் சத்தம் கேட்டால் பதற வேண்டியதில்லை. தினம் பலமுறை அந்த வளைவில் திரும்பும் ஒருவர் வருகிறார், உங்களுக்கு என்ன செய்யவேண்டும் என்று அவரே காட்டிவிடுவார்.

இதையெல்லாம் முதன்முதலாகக் கணவாயிலேயே செய்துபார்க்க வேண்டும் என்பதும் இல்லை. மியூனிக்கிலிருந்து ஏறத்தாழ ஒரு மணி நேரத்தில், கோகல் ஏரிக்கும் வால்சென் ஏரிக்கும் நடுவே கெசல்பெர்க் சாலை இருக்கிறது. உயரம் அதிகமில்லை, வளைவுகள் அசல் மலை வளைவுகள். ஒரு வாரநாள் காலையில் போய் இரண்டு முறை ஏறி இறங்கிவிட்டு வாருங்கள். அதன்பிறகு “எனக்கு மலையில் ஓட்டத் தெரியாது” என்று நீங்களே சொல்லமாட்டீர்கள்.

சுரங்கப்பாதைப் பயம் வேறு வகை. அது சும்மா வரும் பயம் இல்லை. 1999 மார்ச்சில் மோன் பிளாங்க் சுரங்கத்தில் ஒரு லாரி தீப்பிடித்து 39 பேர் இறந்தார்கள். 2001 அக்டோபரில் கோத்தார்டில் இரண்டு லாரிகள் மோதித் தீப்பிடித்து 11 பேர் போனார்கள். மோன் பிளாங்க்கில் இறந்தவர்களில் பலர் தங்கள் வண்டிக்குள்ளேயே கிடந்தார்கள். அதற்குப் பிறகு ஐரோப்பியச் சுரங்கங்களில் காற்றோட்டம், தப்பிக்கும் வழி, கண்காணிப்பு எல்லாம் பலமாகின. நீங்கள் செய்யவேண்டியது கொஞ்சம்தான். நுழையும் முன் பெட்ரோல் பாருங்கள், ரேடியோவைப் போடுங்கள், முன்வண்டிக்கும் உங்களுக்கும் நல்ல இடைவெளி விடுங்கள். புகையோ தீயோ கண்டால் எஞ்சினை அணைத்து, சாவியை வண்டியிலேயே விட்டுவிட்டு, பச்சைப் பலகை காட்டும் வழியில் நடையைக் கட்டுங்கள். காரையும் பெட்டியையும் நினைத்து ஒரு நொடிகூட நிற்காதீர்கள்.

வாகன நெரிசலுக்கும் ஒரு விதி உண்டு. ஜெர்மனியிலும் ஆஸ்திரியாவிலும் சுவிஸ்ஸிலும் நெடுஞ்சாலை ஸ்தம்பித்தால், இடக்கோடித் தடத்தில் இருப்பவர் இடப்பக்கம் ஒதுங்க, மற்றவர்கள் வலப்பக்கம் ஒதுங்க, நடுவே ஆம்புலன்சுக்கு வழி திறக்கவேண்டும். சைரன் கேட்டபிறகு இல்லை, வேகம் குறையும்போதே.

காகித வேலையில் கோட்டைவிட்டால் மற்றதெல்லாம் வீண். இந்திய உரிமத்தோடு சுற்றுலா வருகிறவர் ஊரிலேயே ஆர்.டி.ஓ. அலுவலகத்தில் சர்வதேச ஓட்டுநர் அனுமதி வாங்கிவிட வேண்டும், அது ஓராண்டுக்குச் செல்லும். ஜெர்மனியில் குடியேறி ஆறு மாதம் ஆகிவிட்டால் இந்திய உரிமத்தை வைத்து ஓட்டமுடியாது. தேர்வு எழுதி, ஓட்டிக்காட்டி ஜெர்மன் உரிமம் வாங்கியாக வேண்டும். அதைத் தள்ளிப்போட்டுக்கொண்டே வருகிறவர்கள் எத்தனை பேர்! ஆல்ப்ஸ் பயணத்தின் முதல் கிலோமீட்டரே அந்தத் தேர்வுதான். வாடகைக் கார் என்றால் எந்தெந்த நாட்டுக்குள் போகப்போகிறீர்கள் என்று முன்பே சொல்லுங்கள். மியூனிக்கில் எடுத்து மிலானில் விட்டால் தனிக் கட்டணம் பெரிதாக வரும்; திரும்பி வரும் பயணத்தையும் சேர்த்துப் போட்டால் அந்தக் காசு மிச்சம்.

சுவிஸ் நெடுஞ்சாலைக்கு விக்னெட் என்ற வரிவில்லை வேண்டும். விலை 40 பிராங்க், ஒரு நாள் போனாலும் ஆண்டு முழுவதுக்கான விலைதான். இல்லாமல் மாட்டினால் அபராதம் 200 பிராங்க். கண்ணாடியில் ஒட்டலாம், அல்லது 2023 ஆகஸ்ட் முதல் வண்டி எண்ணின் பெயரில் இணையத்திலேயே வாங்கலாம். சுவிஸ் சுங்கத் துறையின் சொந்தத் தளத்தில் மட்டும் வாங்குங்கள். கூடுதல் காசு பிடுங்கும் இடைத்தரகர் தளங்கள் தேடலில் முதலில் வந்து நிற்கும். சுவிட்சர்லாந்தில் பகலிலும் முகப்பு விளக்கு எரியவேண்டும். பன்னிரண்டு வயதுக்கு உட்பட்ட, 150 செ.மீ. உயரம் எட்டாத குழந்தைக்குத் தனி இருக்கை வேண்டும். எச்சரிக்கை முக்கோணமும் ஒளிரும் சட்டையும் காரில் இருக்கவேண்டும். சட்டையை டிக்கியில் பெட்டிகளுக்கு அடியில் புதைக்காதீர்கள், கை எட்டும் இடத்தில் வையுங்கள். ஐரோப்பிய ஒன்றியத்தின் ரோமிங் சலுகை சுவிஸ்ஸுக்குப் பொருந்தாது, ஆகவே வரைபடத்தைப் போனில் முன்பே இறக்கிவைத்துக்கொள்ளுங்கள். மிலான் நகர மையத்துக்குள் காரோடு நுழைய வாரநாட்களில் 7.50 யூரோ கட்டணம். புறநகர் மெட்ரோ நிலையத்தில் காரை விட்டுவிட்டு ரயிலில் உள்ளே போவதே புத்திசாலித்தனம்.

இப்போது வீட்டுக்குள் வருவோம். கணவன், மனைவி இருவரிடமும் உரிமம் இருக்கும். ஆனால் நீண்ட பயணம் என்றால் அவர் ஸ்டியரிங்கில், இவர் சாப்பாட்டுக் கூடையோடு பக்கத்து இருக்கையில். ஏன்? யார் எழுதிவைத்த விதி? 1888 ஆகஸ்டில் பெர்த்தா பென்ஸ் தன் இரண்டு மகன்களைக் கூட்டிக்கொண்டு, கணவர் கார்ல் பென்ஸிடம் சொல்லாமல், அவர் செய்த மூன்று சக்கர வண்டியை எடுத்துக்கொண்டு மான்ஹைமிலிருந்து ஃபோர்ட்ஸ்ஹைமுக்கு, நூறு கி.மீ. அளவு தூரம் ஓட்டிப்போனார். உலகில் பெட்ரோல் பங்கே இல்லாத காலம். வீஸ்லோக் ஊர் மருந்துக் கடையில் எரிபொருள் வாங்கினார். எண்ணெய்க் குழாய் அடைத்தபோது தொப்பி ஊசியால் குத்திச் சரிசெய்தார். மேட்டில் பிள்ளைகள் தள்ளினார்கள். இறக்கத்தில் பிரேக் கட்டை தேய்ந்தபோது செருப்புத் தைப்பவரிடம் போய்த் தோல் அடித்துத் தரச் சொன்னார். நெடுந்தூரக் கார் பயணம் என்ற சங்கதியையே தொடங்கிவைத்தவர் ஒரு பெண்! அம்மணிகளே, வாடகைக் காரின் பதிவுப் படிவத்தில் இரண்டாவது ஓட்டுநர் என்ற இடம் காலியாக இருக்கும். அதில் உங்கள் பெயரைப் போடச் சொல்லுங்கள். பெயர் இல்லாமல் ஓட்டினால் காப்பீடு செல்லாது, ஆகவே கவுன்ட்டரிலேயே கேட்டு வாங்குங்கள்.

இவ்வளவு திட்டம் போட்டும் மலை ஒத்துழைக்காமல் போகலாம். 2024 ஜூனில் கொட்டிய மழையில் மோயேசா ஆறு பெருகி, இதே நெடுஞ்சாலையின் ஒரு பகுதியை அப்படியே அடித்துக்கொண்டு போனது. இரண்டே வாரத்தில் சீர்செய்து ஜூலை தொடக்கத்தில் போக்குவரத்தைத் திறந்தார்கள். அந்த இரண்டு வாரம் போகவேண்டியிருந்தவர்கள் என்ன செய்தார்கள்? வேறு வாசலைப் பிடித்தார்கள். கிளம்புவதற்கு முந்தின இரவு சாலை நிலவரம் பாருங்கள், காலையிலும் பாருங்கள். கணவாயில் மேகம் இறங்கிவிட்டதா, சுரங்கப்பாதையில் போங்கள். வடக்கே மழை கொட்டிக்கொண்டிருக்க, சுரங்கத்தைத் தாண்டி வெளியே வந்தால் தெற்கே வெயில் அடிப்பது அங்கே சாதாரணம். ஹின்டர்ரைனில் ஜெர்மன் பேசிய பெயர்ப்பலகைகள், இந்தப் பக்கம் மெசொல்சினா பள்ளத்தாக்கில் இத்தாலியன் பேச ஆரம்பிக்கும். சாலை மூடியிருந்தால் திரும்பிவிடுங்கள். திரும்பி வந்தவனைப் பார்த்துச் சிரிப்பவன் அநேகமாக வீட்டைவிட்டே கிளம்பாதவனாக இருப்பான். அவன் சிரிப்புக்கு விலை இல்லை.

அப்புறம், சில்லிஸ் ஊரில் ஒரு சின்னத் தேவாலயம் வழியிலேயே இருக்கிறது. பன்னிரண்டாம் நூற்றாண்டில் தீட்டிய 153 மரப்பலகைகள் அதன் கூரை. அண்ணாந்து பார்த்துக் கழுத்து வலிக்காமல் இருக்கக் கையில் ஒரு கண்ணாடி தருவார்கள். அதற்கு அரை மணி நேரம் ஒதுக்குங்கள். திட்டம் போடுவது மிலானை நேரத்துக்குப் பிடிப்பதற்காக மட்டும் இல்லை, இப்படி நடுவழியில் பதற்றமில்லாமல் நிற்பதற்காகவும்தான்.

கணவாய்ச் சாலை குளிர்காலம் முழுக்கப் பனியால் மூடிக்கிடக்கும். நவம்பர் வாக்கில் அடைத்தால் மறுபடி திறக்க மே மாதம் ஆகிவிடும், சில வருடம் அதையும் தாண்டும். ஜூன் கடைசி முதல் செப்டம்பர் நடுப்பகுதி வரைதான் உங்களுக்கு நம்பிக்கையான காலம். அதற்குள் உரிமம் வரவேண்டும், அலுவலகத்தில் விடுமுறைக்கு எழுதிக் கொடுக்கவேண்டும், கெசல்பெர்க்கில் ஏறி இறங்கவேண்டும். நாட்காட்டியை எடுத்து ஒரு செவ்வாய்க்கிழமையைச் சுற்றி வட்டம் போடுங்கள். இன்றைக்கே போடுங்கள்.